பிரிபடாத பங்கை வாங்கிவிட்டு முழு வீட்டையும் கேட்கிறார்கள்: விவரம் அறிந்தவர்கள் உதவவும்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம். எங்கள் பெரியம்மா குடியிருக்கும் ஓட்டு வீடு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. வாரிசுகளுக்குள் பாகப்பிரிவினை நடக்கவில்லை. திருப்பூரில் இருக்கும் பங்காளி ஒருவரிடம் அவருடைய பங்கை மட்டும் எழுதி வாங்கிய நிலத் தரகர் ஒருவர், இப்போது திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு, தாம் சொல்லும் விலைக்கு முழு வீட்டையும் தராவிட்டால் வழக்குப் போட்டு ஏலத்துக்குக் கொண்டுவருவேன் என்று மிரட்டுகிறார். தொகை எழுதாத ஒப்பந்தத் தாளோடு அவர் நீட்டிய முன்பணத்தைப் பெரியம்மா, நல்லவேளையாக, தொடவில்லை.

குடும்பத்தின் பிரிபடாத குடியிருப்பில் பங்கு வாங்கிய வெளியாருக்கு, உள்ளே வந்து கூட்டாகக் குடியிருக்கும் உரிமை இல்லை என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 44ஆம் பிரிவு சொல்கிறது. அவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குத் தொடுத்தால், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம், 4ஆம் பிரிவு வழிசெய்கிறது. தரகர் இதை மட்டும் வாய்தவறியும் சொல்லவில்லை.

இந்த 4ஆம் பிரிவின்கீழ் வழக்கு நடத்திய அனுபவமுள்ள, தமிழ் ஆவணங்களையும் மலையாள ஆவணங்களையும் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர் பாலக்காட்டிலோ சித்தூரிலோ இருந்தால் தெரிவியுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் விண்ணப்பித்தவர்கள் என்னென்ன ஆவணங்கள் கொண்டுசென்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். உங்கள் தெருவிலும் இப்படிப் பங்கு வாங்கியிருந்தால், பெயர்களைப் பொதுவில் போடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். சேர்ந்து மனுக் கொடுக்கலாம்.