புதுப்பிப்பு: விம் செருகுநிரலுக்கான உதவிக் கோப்பு

விம் என்னும் உரைத் தொகுப்பானின் வசதிகளைக் கூட்டும் என் செருகுநிரலுக்கு எழுதிய உதவிப் பக்கம் ஹெல்ப் கட்டளைக்கு அகப்படவில்லை என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். கோப்பு டாக் அடைவில் சரியாகவே இருந்தது. உடுக்குறிகளுக்கு (*) நடுவே இட்ட குறிச்சொற்களை, அதாவது உதவியைத் தேட உதவும் பெயர்களை, அட்டவணையாக்கும் ஹெல்ப்டேக்ஸ் கட்டளையைத்தான் இயக்கத் தவறியிருந்தேன். இயக்கியபோது, ஒரே குறிச்சொல் இருமுறை வந்திருப்பதாக இ154 பிழை தோன்றியது. ஒன்றின் பெயரை மாற்றியதும் தீர்ந்தது.

புதிதாகக் கற்கும் மாணவர்களை எண்ணி, இப்போது தமிழாக்கத்தையும் தொடங்கியிருக்கிறேன். அதன் கோப்புப் பின்னொட்டு டிஎக்ஸ்டி அன்று, டிஏஎக்ஸ். முதல் வரியிலேயே தமிழ் எழுத்து இடம்பெற்றால்தான் கோப்பு யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்கத்தில் உள்ளது என்பதை விம் உணர்கிறது என்பதால், இதைச் சற்று வலியுறுத்தியே சொல்கிறேன், சுருக்க விளக்கத்தை அவ்வரியிலேயே தமிழில் எழுதிவிடுங்கள். தமிழில் படிக்க விரும்புவோர் உதவி மொழியைக் குறிக்கும் ஹெல்ப்லாங் அமைப்பில், தமிழுக்கான சுருக்கக்குறியான டிஏ என்பதை இட வேண்டும்.