கனரக உரிமம் எடுக்க எந்த வழி? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தாழையூத்து மாமா:
என் அக்காள் மகன் இலகுரக உரிமம் எடுத்து ஓராண்டு முடிந்து, வயதும் இருபதைத் தாண்டிவிட்டதால், கனரக உரிமத்துக்காக அவனை ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு அழைத்துச் சென்றேன். பணம் கட்டிச் சிறிது நேரத்திலேயே பயிற்சிச் சான்றான படிவம் 5 எங்கள் கைக்கு வந்துவிட்டது. 30 நாளில் 15 மணி நேரம் லாரி ஓட்டிப் பழகியதாக அதில் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. "மாமா, நான் இன்னும் வண்டியவே பாக்கலயே" என்று அவன் என் காதருகே கேட்டான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "டெஸ்ட் அன்னைக்குப் பாத்துக்கிடலாம் தம்பி" என்றார். அந்தத் தாளை இன்னும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க மனம் வரவில்லை. லாரித் தொழிலில் இருப்பவர்கள் எந்த வழியில் வந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

வள்ளியூர் ஓட்டுநர்:
அண்ணாச்சி, படிவம் அலுவலகத்துக்குத்தான். தொழில் லாரியில்தான் வரும். நான் கிளீனராக இருந்த காலத்தில், இப்படிப் படிவம் வாங்கி உரிமம் எடுத்த புது டிரைவர் ஒருவர், கேரளத்திலிருந்து ரப்பர் தடி ஏற்றிக்கொண்டு கோட்டைவாசலைத் தாண்டிப் புளியரை மலை இறக்கத்தில் டாப் கியரிலேயே இறங்கினார். எஸ் வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்ததில் பிரேக்கின் காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் மீட்டர் முள் கீழே சரிந்தது; பிரேக் லைனர் கருகும் வாடை கேபினுக்குள் ஏறியது. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தியபோது அவருடைய முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது கிளீனர் சீட்தான்.

கே.டி.சி. நகர் முன்னாள் ஓட்டுநர்:
வள்ளியூர்த் தம்பி சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம்கூட இல்லாத கிளீனர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்து, விபத்து நடந்த பிறகு, காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த பணத்தை லாரி முதலாளியிடமே திரும்பக் கேட்டதை நேரில் கண்டிருக்கிறேன். நிலத்தை விற்றுத்தான் அவர் கட்டினார்.

தாழையூத்து அண்ணாச்சி, பையனுக்கு அவசரம் வேண்டாம். 2021 ஜூலை முதல் நடப்பில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் கனரகப் பயிற்சி 6 வாரங்களில் 38 மணி நேரம். அங்கே தேர்ச்சி பெற்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. தொலைவாக இருந்தாலும், தங்கிப் படிக்கச் செலவானாலும், அதையே தேர்ந்தெடுங்கள். சேருமுன் மையத்துக்கு நேரில் போய், பாரம் ஏற்றிய வண்டியில் ஓட்டவிடுவார்களா, திரையைப் பார்த்து ஓட்டிப் பழகும் சிமுலேட்டரோடு நிறுத்திவிடுவார்களா என்று கேளுங்கள்.

பணம் சேரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை இலகுரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. களக்காட்டு வாழைத்தார் ஏற்றும் சிறிய வண்டியில் ஓடினால், பாரத்தோடு வண்டி எப்படித் திரும்பும், எத்தனை தூரத்தில் நிற்கும் என்பது காலுக்கும் கைக்கும் பழகிவிடும். பிற்பாடு பெட்ரோல் டேங்கர் ஓட்ட ஆசை வந்தால், அபாயகரச் சரக்குக்கான 3 நாள் பயிற்சியை முடித்து உரிமத்தில் பதிந்துகொள்ள வேண்டும். ட்ரெய்லர் தனி வித்தை. இடப்பக்கம் பின்னால் போக ஸ்டியரிங்கை முதலில் வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். ஆறு சக்கர வண்டி கைக்கு அடங்கும் முன் தூத்துக்குடி கன்டெய்னர் வண்டியில் ஏறவே கூடாது.

சங்கரன்கோவில் சகோதரி:
அண்ணன் சொல்வதெல்லாம் சரி. ஆனால் உள்ளே நுழைவதே சிலருக்குப் பாடாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவர். போன வருடம் ஒரு பயிற்சிப் பள்ளியில், எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் லாரி உரிமமே கிடையாது என்று, வரிசையில் நின்ற எல்லோர் முன்னிலையிலும் சத்தமாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த விதி 2019-லேயே நீக்கப்பட்டுவிட்டது என்று பக்கத்துத் தெரு டிரைவர் சொன்ன பிறகு வேறு பள்ளியில் சேர்ந்தார். அங்கே 15 மணி நேரமும் உண்மையாகவே ஓட்டவைத்தார்கள். இப்போது எம்-சாண்ட் லாரியில் இருக்கிறார். வள்ளியூர் அண்ணன் சொன்ன அதே புளியரைப் பாதையில்தான் போகிறார் என்பதால் கேட்கிறேன்: மழை நேரத்தில் அந்த இறக்கத்தில் எந்தக் கியர் போட வேண்டும்?