கொடைக்கானல் ஏரி தானா உண்டானதா, வெட்டுனதா?

கேள்வி:
கொடைக்கானல் ஏரி எரிமலை வாய்ல தண்ணி தேங்கி உண்டானதுன்னு குரூப்ல ஒருத்தர் போட்ருக்காரு, இன்னொருத்தர் வெள்ளக்காரன் வெட்டுனதுங்கிறாரு. மேப்ல பாத்தா நட்சத்திரம் மாதிரி கைகையா விரிஞ்சு கெடக்கு, வெட்டுனதுன்னா எதுக்கு அப்படி கோணல்மாணலா வெட்டணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்:
எரிமலைலாம் கெடையாதுங்க. பழனி மலை சார்னோகைட்னு ரொம்பப் பழைய பாறை. வெட்டவும் இல்ல. முன்னாடி அது சதுப்பு, அதுல ஓடிட்டிருந்த ஓடைங்கள 1863ல மதுரை கலெக்டர் லெவிஞ்ச் கரை போட்டு மறிச்சாரு, அவ்ளோதான். தண்ணி ஏற ஏற பக்கத்துல இருந்த சின்னச் சின்ன பள்ளத்துக்குள்ளயும் பூந்துருச்சு, நடுவுல நீட்டிட்டிருந்த மேடு மேடாவே நின்னுருச்சு. நீங்க பாக்குற கை ஒவ்வொண்ணும் ஒரு பழைய பள்ளம். அடுத்த தடவ போனா ஒரு கையோட முனைல நின்னு பாருங்க, ரெண்டு பக்கத்துச் சரிவும் அங்க வந்து கூடும். சுமார் 60 ஏக்கர் ஏரிய சுத்தி வர 5 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கே, அதுவும் இந்த வளைவுகளாலதான்.

பதில்:
மேல சொன்னது சரி. இதையும் சேத்துக்கோங்க, ஏரி ரொம்பி வழியுற தண்ணிதான் வத்தலகுண்டு ரோட்ல சில்வர் கேஸ்கேட் அருவியா விழுது. எல்லாரும் வண்டிய நிறுத்தி போட்டோ எடுத்துட்டு வந்துர்றோம், ஆனா மேல டவுன் கழிவு எது ஏரில கலந்தாலும் அது இந்த வழியாத்தான் கீழ எறங்கும்னு யாரும் யோசிக்கிறதில்ல. தயவுசெஞ்சு அதுல குளிக்காதீங்க, குழந்தைங்கள எறக்காதீங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. அப்ப நம்ம மலைங்கள்ல தானா உண்டான ஏரியே இல்லையா?

பதில்:
பெருசா சொல்லிக்கிற மாதிரி இல்லைங்க. இமயமலைல ரூப்குண்ட் மாதிரி சின்ன ஏரிங்க இருக்குன்னா அங்க பனியாறு பாறைய கொடஞ்சு குழி பண்ணிருக்கு, நம்ம பக்கம் பனியாறு கெடையாது. ஊட்டி ஏரியும் வெள்ளக்காரன் காலத்துல கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த சல்லிவன் கட்டுனதுதான். இங்க தண்ணிய புடிச்சு வச்சிருந்தது சோலைக்காடும் புல்வெளியும் சதுப்பும், மழை நின்னு மாசக்கணக்கானாலும் ஓடைல தண்ணி கசிஞ்சுட்டே இருக்கும்னா அதுங்களாலதான். மேல கட்டடமா கட்டி சதுப்ப மூடிட்டா ஏரிக்கு வர்ற ஊத்தே போயிரும். ஏரி இன்னும் அமைதியா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா கொடைக்கானல் பக்கத்துல காட்டுக்குள்ள இருக்குற பேரிஜம் ஏரிக்குப் போங்க, அதுவும் கரை போட்டதுதான், காட்டு இலாகா பர்மிஷன் முன்கூட்டியே வாங்கிருங்க.