இரண்டு பழைய கணினிகளை லேன் கேபிளில் இணைக்க உதவி வேண்டும்

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். அப்பாவின் கடைக் கணக்கும் குடும்பப் படங்களும் ஒரு விண்டோஸ் 98 கணினியில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. சிடி டிரைவ் போய்விட்டது. இன்னொரு விண்டோஸ் எக்ஸ்பி கணினியோடு லேன் கேபிளில் நேரடியாக இணைத்து 192.168.0.1, 192.168.0.2 என்று ஐபி முகவரி கொடுத்தேன். சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0. பிங் (ஒரு கணினி மற்றதை எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை, லிங்க் விளக்குகூட எரியவில்லை.

என்னிடம் இருப்பது நேர் கேபிள், இரு முனையிலும் கம்பிகள் ஒரே வரிசையில் இருப்பது. பழைய நெட்வொர்க் கார்டுக்கு கிராஸ்ஓவர் கேபிள்தான் வேண்டும் என்கிறார்கள். ஒரு முனையில் மட்டும் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறினால் போதும்தானே? கடலூரிலோ புதுச்சேரியிலோ இதைக் கிரிம்ப் செய்து (கம்பி முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தி) தருபவர்கள் யாராவது உண்டா? அல்லது நடுவில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் (கணினிகளை இணைக்கும் பெட்டி) வைத்துவிடலாமா?

ஹார்ட் டிஸ்க் சில நாளாகக் கரகரவென்று சத்தம் போடுகிறது. அது நிற்பதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.