ட்ரெயின்ல செல்போன் பறிப்பு: "காணவில்லை"ன்னு எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். வாங்கினா போதுமா?

கொருக்குப்பேட்டை கேட்:

புது சட்டம் வந்தாச்சு, எந்த ஸ்டேஷன்லயும் புகார் கொடுக்கலாம், வீட்ல இருந்தே எஃப்.ஐ.ஆர். போடலாம்னு ரேடியோவுல, செய்தியில எல்லாம் சொல்றாங்க. நடைமுறையில அது எப்படின்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

விஷயம் இதுதான். கும்மிடிப்பூண்டி லைன் எலெக்ட்ரிக் ட்ரெயின். பேசின் பிரிட்ஜ் தாண்டி வண்டி மெதுவா ஊருது. வாசல்கிட்ட நின்னு போன் பேசிட்டிருந்த காலேஜ் பையன் கையில, தண்டவாளத்தோரம் நின்ன ஒருத்தன் கட்டையால அடிச்சான். போன் கீழ விழ, எடுத்துட்டு ஓடிட்டான். 18,000 ரூபா போன், பில் இருக்கு. பையனுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கு.

முதல்ல போன ஸ்டேஷன்ல "அது ரயில்வே லிமிட்"னாங்க. அடுத்த இடத்துல "வெளியில நின்னவன் பண்ணது, லோக்கல்ல கொடுங்க"ன்னாங்க. கடைசியில "செல்போன் காணவில்லைன்னு எழுதிக் கொடுங்க, சி.எஸ்.ஆர். தர்றோம்"னு, அதாவது மனு வாங்கினதுக்கு ரசீது தர்றோம்னு சொல்றாங்க. வாங்கிக்கலாமா? எஃப்.ஐ.ஆர். கேட்க உரிமை இருக்கா?

மிண்ட் மணிக்கூண்டு:

"காணவில்லை" என்று எழுதாதீர்கள். எல்லாமே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

பொருள் தொலைவது குற்றமல்ல. குற்றமே இல்லாத மனுவுக்கு எஃப்.ஐ.ஆர். போடும் கடமை யாருக்கும் கிடையாது, சி.எஸ்.ஆர். பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, ரசீது கொடுத்து அனுப்பிவிடலாம். மனு வந்தது என்பதற்கு மட்டும்தான் அந்த ரசீது சாட்சி. அதை வைத்துப் புலன்விசாரணை தொடங்காது.

நீங்கள் சொல்வதில் அடி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதில் செல்போன் போகும் வழிகள் இப்படி:

சாதாரணத் திருட்டு பிரிவு 303. பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், போலீஸ் தானாக வழக்கு எடுக்க முடியாத குற்றம். பழைய சட்டத்தில் இந்த வரம்பு கிடையாது. அதனால் விலையை எழுதுவதும் பில் நகல் வைப்பதும் இப்போது முக்கியம்.

கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினால் பிரிவு 304, பறிப்பு. 3 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவே இல்லை.

பஸ், ரயில் போன்ற வண்டிக்குள்ளிருந்து பொருளைத் திருடினால் பிரிவு 305. 7 ஆண்டு வரை.

திருடுவதற்காக ஆளை அடித்தால் அது வழிப்பறி, பிரிவு 309. 10 ஆண்டு வரை கடுங்காவல். வழிப்பறியின்போது காயப்படுத்தியிருந்தால் உட்பிரிவு 6, ஆயுள் தண்டனை வரை போகும். எலும்பு முறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. உடம்பில் வலி உண்டாக்கினாலே சட்டக் கணக்கில் காயம்தான்.

எந்தப் பிரிவு போடுவது என்பது ஸ்டேஷன் வேலை. "பிரிவு 309-ன் கீழ் வழக்குப் போடவும்" என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை. ஆனால் "கட்டையால் கையில் அடித்து" என்ற மூன்று வார்த்தை மனுவில் இருந்தே ஆக வேண்டும்.

அந்த மூன்று வார்த்தைக்கு இன்னொரு பலனும் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173(3)-இல், 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், எஃப்.ஐ.ஆருக்கு முன் 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்ய இடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும். சென்னை மாநகரில் என்றால் உதவி ஆணையர். வெறும் பறிப்பு என்றால் "14 நாள் விசாரிக்கிறோம்" என்று சொல்லலாம். வழிப்பறி என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது நேராகப் பொருந்தும்: போலீஸ் தானாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் தகவலில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம்.

பையனை இன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் தெரியும். வீக்கம் வடிந்த பிறகு போனால் பதிவில் எழுத ஒன்றும் இருக்காது.

ரயிலடி:

எல்லைத் தகராறு பத்தி மட்டும் சொல்றேன்.

ஸ்டேஷன்ல ரெண்டு விதமான காக்கி இருக்கும். ஆர்.பி.எஃப். மத்திய அரசுப் படை, ரயில்வே சொத்தைப் பாதுகாக்கிறது அவங்க முதல் வேலை. பயணிகிட்ட நடந்த திருட்டு, வழிப்பறிக்கு எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கிறது ஜி.ஆர்.பி., அதாவது தமிழ்நாடு ரயில்வே போலீஸ். கொருக்குப்பேட்டையில அவங்களுக்கு ஸ்டேஷன் இருக்கு. உதவி எண் 1512. வண்டிக்குள்ள இருந்தே சொல்லணும்னா 139. நிறைய பேர் ஆர்.பி.எஃப். ரூம்ல சொல்லிட்டு, புகார் கொடுத்தாச்சுன்னு நினைச்சு வீட்டுக்குப் போயிடறாங்க.

அடிச்சவன் தண்டவாளத்தோரம் நின்னான், அடி வாங்கினவன் வண்டியில நின்னான். எல்லைன்னு பார்த்தா ரெண்டு பக்கமும் வாதாடலாம். அதுக்குத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். குற்றம் எந்த எல்லையில நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு பண்ணணும்னு 173(1)-லயே இருக்கு. முதல்ல போற ஸ்டேஷன் வரிசை எண் இல்லாம பூஜ்யம் போட்டுப் பதிவு பண்ணும், எல்லைக்குரிய ஸ்டேஷனுக்கு அனுப்பும், அங்க வழக்கமான எண் விழும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். புது சட்டத்துலதான் பொறந்ததுன்னு சொல்றது தப்பு. முன்னாடி அரசு சுற்றறிக்கையில இருந்தது, இப்ப சட்ட வாசகத்துலயே ஏறியிருக்கு.

மனுவுல இதெல்லாம் இருக்கட்டும்: வண்டி எங்கிருந்து எங்க போனது, கிளம்பின நேரம், எத்தனையாவது பெட்டி, வண்டி போற திசைக்கு இடது வாசலா வலது வாசலா, பேசின் பிரிட்ஜ் விட்டு எத்தனை நிமிஷம், பக்கத்துல கண்ணுல பட்ட பாலம், கேட், சுவர் ஏதாவது. டிக்கெட்டோ சீசனோ நகல். சி.சி.டி.வி. பதிவு ரொம்ப நாள் தங்காது. பதிவைப் பாதுகாத்து வைக்கணும்னு மனுவுலயே ஒரு வரி சேர்த்துடுங்க.

தண்டையார்பேட்டை தபால்:

"வீட்ல இருந்தே எஃப்.ஐ.ஆர்." என்பது பாதி உண்மை. மின்னஞ்சல், இணையதளம் வழியாகத் தகவல் கொடுக்கலாம். கொடுத்தவர் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அது பதிவாகும். பலர் தமிழ்நாடு காவல்துறை தளத்தில் மனு ஏற்றி, வந்த எண்ணை எஃப்.ஐ.ஆர். எண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒப்புகை எண். அதே தளத்தில் "தொலைந்த ஆவண அறிக்கை" என்று ஒன்று இருக்கிறது. லைசென்ஸ், பாஸ்போர்ட் தொலைந்தால் எடுப்பது. பறிப்புக்கு அதை எடுத்தால் மறுபடி "காணவில்லை" கதைதான்.

மனுவின் நடுப்பகுதி இந்த மாதிரி இருந்தால் போதும்:

"மேற்படி தேதியில் மாலை சுமார் 6.40 மணிக்கு பேசின் பிரிட்ஜ் – கொருக்குப்பேட்டை இடையே ரயில் மெதுவாகச் சென்றபோது, தண்டவாளத்தின் ஓரம் நின்றிருந்த சுமார் 20 வயது மதிக்கத்தக்க, பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய நபர், கட்டையால் என் வலது கையில் அடித்து, கீழே விழுந்த எனது செல்போனை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். கையில் வீக்கமும் வலியும் உள்ளது. செல்போன் மதிப்பு ரூ.18,000. ஐ.எம்.இ.ஐ. (செல்போன் அடையாள) எண்கள், பில் நகல் இணைத்துள்ளேன்."

நேரமும் வயதும் உங்கள் விஷயத்துக்குத் தகுந்தபடி. முகம் சரியாகப் பார்க்கவில்லை என்றால் "அடையாளம் காட்டக்கூடிய" என்பதை எடுத்துவிடுங்கள். பின்னால் அடையாள அணிவகுப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டு பிரதி. ஒன்றில் தேதியோடு முத்திரை. பதிவானதும் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும் என்று 173(2) சொல்கிறது. ஜெராக்ஸ் காசு கூட இல்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, பெண்கள், குழந்தைகள் தொடர்பானவை போன்ற வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களைத் தளத்தில் ஏற்றுகிறார்கள். மாவட்டம், ஸ்டேஷன், எண், ஆண்டு கொடுத்தால் இறக்கிக்கொள்ளலாம்.

வாங்க மறுத்தால் கவுன்ட்டரில் நின்று சத்தம் போட்டுப் பயனில்லை. அதே மனுவைத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்புங்கள். ரயில்வே போலீஸ் என்றால் கண்காணிப்பாளர், மாநகரக் காவல் என்றால் துணை ஆணையர். இது 173(4). தபால் ரசீதும், போய்ச் சேர்ந்ததற்கான சான்றும் பத்திரம். அதற்கும் பதில் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் 175(3) மனு. அதில் மேலதிகாரிக்கு அனுப்பிய தபால் ரசீதும் பிரமாண வாக்குமூலமும் இல்லாவிட்டால் மனு அங்கேயே நின்றுவிடும். நேரே கோர்ட்டுக்கு ஓடுகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று. "எஃப்.ஐ.ஆர். போடாத போலீசுக்கே ஜெயில்" என்று வீடியோக்களில் அடித்து விடுகிறார்கள். அந்தப் பிரிவு நியாய சன்ஹிதாவின் 199, பெரும்பாலும் பெண்களுக்கு எதிரான சில கடும் குற்றங்களில் தகவலைப் பதிய மறுத்தால் வருவது. செல்போன் வழக்கில் அதைச் சொல்லி மிரட்டினால் எதிரே இருப்பவர் சிரிப்பார்.

வக்கீல் செலவு முடியாதவர்களுக்கு 15100, சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசம்.

பஜார் பாக்ஸ்:

சட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். போன் போன முதல் ஒரு மணி நேரத்துல செய்ய வேண்டியது வேற.

முதல்ல சிம்மை முடக்கணும். யு.பி.ஐ., பேங்க் ஓ.டி.பி. எல்லாம் அதுலதான் உட்கார்ந்திருக்கு. வேற போன்லேருந்து கம்பெனி கஸ்டமர் கேருக்கு அடிங்க. அடுத்து பேங்குக்கு அடிச்சு யு.பி.ஐ.யும் நெட் பேங்கிங்கும் நிறுத்தச் சொல்லி, புகார் எண் வாங்குங்க. நீங்க சொன்ன நேரத்துக்கு அப்புறம் பணம் போச்சுன்னா அது பேங்க் பொறுப்புன்னு 2017-லயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. அதுக்கு அந்த எண்ணும் நேரமும்தான் ஆதாரம். பணம் ஏற்கனவே போயிருந்தா தாமதிக்காம சைபர் குற்ற உதவி எண் 1930.

அப்புறம் போனை முடக்கணும். மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல, போனை முடக்கறதுக்கு சி.இ.ஐ.ஆர்.னு இருக்கும். கேக்கறது: போன் நம்பர், ஐ.எம்.இ.ஐ., கம்பெனி, மாடல், பில், போன இடம், தேதி, போலீஸ் ஸ்டேஷன், புகார் எண், புகார் நகல், அடையாள அட்டை. இதுக்கு சி.எஸ்.ஆர். நகலே போதும், எஃப்.ஐ.ஆர். வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

சிக்கல் வர்ற இடங்கள்: ரெண்டு சிம் போன்ல ரெண்டு ஐ.எம்.இ.ஐ. இருக்கும், ரெண்டையும் போடணும். ஒண்ணை விட்டா இன்னொரு ஸ்லாட்ல சிம் போட்டு ஓட்டுவான். 15 இலக்கம், பெட்டி மேல ஒட்டியிருக்கும், பில்லுலயும் இருக்கும். ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சா வரும், ஆனா அதுக்குப் போன் கையில இருக்கணுமே! இதைப் படிக்கிறவங்க இப்பவே அடிச்சுப் பார்த்து நோட்டுல எழுதி வச்சுக்கங்க.

ரெண்டாவது சிக்கல் ஓ.டி.பி. அதே நம்பருக்குப் புது சிம் வாங்கின முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, மோசடியைத் தடுக்கப் போட்ட கட்டுப்பாடு. அது தெரியாம தளம் வேலை செய்யலைன்னு நிறைய பேர் விட்டுடறாங்க. ஓ.டி.பி.க்கு வீட்ல இருக்கற இன்னொருத்தர் நம்பரைக் கொடுங்க.

கடைசியில வர்ற கோரிக்கை எண்ணைத் தொலைச்சுடாதீங்க. போன் கிடைச்சா முடக்கத்தை எடுக்க அதுதான் சாவி.

கொருக்குப்பேட்டை கேட்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு சிக்கல்: பையன் தரப்புல "காணவில்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாங்களாம், சி.எஸ்.ஆரும் வாங்கியாச்சாம். இனிமே மாத்த முடியுமா? போன் கிடைச்சா யார்கிட்ட போய் வாங்கறது?

மிண்ட் மணிக்கூண்டு:

மாற்றலாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். "மேற்படி சி.எஸ்.ஆர். எண் மனுவின் தொடர்ச்சியாக" என்று தொடங்கி கூடுதல் மனு கொடுங்கள். முதல் மனுவில் ஏன் "காணவில்லை" என்று இருக்கிறது என்பதற்கு ஒரு வரி விளக்கம் கட்டாயம் வேண்டும். அதை எழுதாமல் விட்டால், பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு மனுவையும் பக்கத்தில் வைத்து "முதலில் அடித்ததாகச் சொல்லவில்லையே" என்று அங்கேதான் கை வைப்பார். நடந்தது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள், கூட்டாதீர்கள். ஏ.ஆர். காப்பி இணையுங்கள்; அதில் தேதி முந்தையது என்றால் உங்கள் பேச்சுக்கு அதுவே பலம்.

எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 193(3). போனிலும் சொல்லலாம் என்பதால் மனுவில் வேலை செய்யும் நம்பர் கொடுங்கள். பறிபோன நம்பரையே எழுதிவைத்துவிட்டு "எதுவுமே சொல்லவில்லை" என்பவர்களும் உண்டு.

போன் கிடைத்தால்: வழக்கில் கைப்பற்றிய பொருள் கோர்ட் கணக்கில் இருக்கும். இடைக்காலமாகத் திருப்பிக் கேட்டு நடுவரிடம் மனு போட வேண்டும். பில், அடையாள அட்டை, எஃப்.ஐ.ஆர். நகல், கேட்டால் பிணைப் பத்திரம். பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளுக்குள் விவரப் பட்டியல் தயாரித்து, போட்டோ எடுத்து, அதன்பின் 30 நாளுக்குள் பொருளை என்ன செய்வது என்று உத்தரவிட பிரிவு 497 சொல்கிறது. வாங்கிய போனை வழக்கு முடியும்வரை விற்கவோ மாற்றவோ கூடாது. கேட்கும்போது கோர்ட்டில் காட்ட வேண்டியிருக்கும்.