புதுப்பிப்பு: சக்கரம் மாற்றிய பின் அணையாத காற்றழுத்த விளக்கு

சுங்கை சிப்புட்டிலிருந்து மீண்டும் நான். தோட்டத்துச் செம்மண் சாலைக்கென வைத்திருக்கும் நான்கு சக்கரங்களை வீட்டு வாசலில் நானே மாட்டியதும் டயர் காற்றழுத்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில், பலர் சொன்னபடி இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். பயனில்லை. கைகொடுத்தது, “சென்சார் எண்களை வண்டியில் பதிவு செய்யுங்கள்” என்று ஓர் அண்ணன் எழுதியதுதான். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் காற்றழுத்தத்தை அளந்து வண்டிக்குச் சொல்லும் ஒரு சென்சார் இருக்கிறது; ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. என் வண்டியோ கழற்றி வைத்த பழைய நான்கையே தேடிக்கொண்டிருந்திருக்கிறது! டயர் கடையில் வால்வருகே கருவியைப் பிடித்துப் பதிவு செய்தார்கள்.

எதிர்பாராதது: மூன்றுதான் பதில் சொல்லின. நான்காவதில் பேட்டரி தீர்ந்திருந்தது. அது உள்ளேயே அடைத்து வார்க்கப்பட்டிருப்பதால் சென்சாரையே மாற்ற வேண்டியதாயிற்று. விளக்கு அணைந்துவிட்டது.

வாசல் மண்ணில் ஜாக் புதைந்தது தனிக் கதை. அடியில் தடித்த பலகை வையுங்கள்.