வீட்டு மின்சாரத்துக்குக் கரிமக் கணக்கு: ஆள் இல்லாத மாதம் ஏன் கூடுதலாக வருகிறது?

உட்லண்ட்ஸ் அம்மா:
மகள் உயர்நிலை இரண்டு. வீட்டு மின்சாரத்தால் எவ்வளவு கரியமிலவாயு வெளியாகிறது என்று 2023 பில்களை வைத்துக் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. ஜூன் பில்லில் மின்சாரம் 430, கேஸ் 50. ஜூலையில் 250, 60. எல்லாமே கிலோவாட் மணி என்றுதான் இருக்கிறது, அதனால் கூட்டிவிட்டேன். இணையத்தில் கிடைத்த கணிப்பானில் போட்டால் ஜூனுக்கு 336 கிலோ, ஜூலைக்கு 217. ஜூன் விடுமுறையில் இரண்டு வாரம் தஞ்சாவூரில் இருந்தோம், வீடு பூட்டிக் கிடந்தது! எங்கே இடிக்கிறது?

ஈசூன்காரன்:
336ஐ 480ஆல் வகுத்தால் 0.7 வருகிறது. அது இந்தியக் கணிப்பான் அக்கா. அங்கே நிலக்கரிதான் பெரும்பங்கு, அதனால் யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குக் குறையாது. இங்கே ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயு. எரிசக்திச் சந்தை ஆணையம் ஆண்டுதோறும் யூனிட்டுக்கு எத்தனை கிலோ கரியமிலவாயு என்று ஓர் எண் வெளியிடுகிறது. 2023க்கு 0.412. பில் எந்த ஆண்டோ அந்த ஆண்டின் எண்ணை எடுங்கள்.

கேஸைக் கூட்டவே கூடாது. பில்லில் அதே அலகு போட்டிருந்தாலும் அது அடுப்பில் எரியும் வாயுவின் வெப்பம், மின்நிலையத்திலிருந்து வந்ததில்லை. குழாயில் வருவது செனோக்கோவில் தயாராகும் ஹைட்ரஜன் கலந்த நகர எரிவாயு, அதற்கு வேறு எண் வேண்டும். தலைப்பு மின்சாரம் என்றால் விட்டுவிடுங்கள்.

உட்லண்ட்ஸ் அம்மா:
சரி தம்பி. அப்படியே போட்டாலும் ஜூன் 177, ஜூலை 103. ஆள் இல்லாத மாதம் கூடுதல்தானே?

மீட்டர் மாமா:
உங்கள் வீட்டில் இன்னும் பழைய மீட்டரா? அப்படியென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வாசிப்பு எடுப்பார்கள். இடையில் வரும் பில் முந்தைய பழக்கத்தை வைத்துப் போடும் உத்தேசம். ஜூன் பில்லுக்கு நீங்கள் தஞ்சாவூர் போனது எப்படித் தெரியும்? ஜூலையில் உண்மையான வாசிப்பு வந்ததும் கூடுதலாக எழுதியதைக் கழித்துவிட்டார்கள். பில்லைப் பாருங்கள், உத்தேசம் என்று குறித்திருக்கும்.

மாதத்தைப் பிரிக்காதீர்கள். 430ம் 250ம் 680. அதை 0.412ஆல் பெருக்கினால் 280 கிலோ. இரண்டு மாதத்துக்கு அதுதான் நம்பக்கூடிய எண்.

தெம்பனிஸ்:
நாங்கள் பசுமை மின்சாரத் திட்டம் எடுத்திருக்கிறோம். எங்களுக்குப் பூஜ்யம் போடலாமா?

ஈசூன்காரன்:
கம்பியில் வருவது பக்கத்து வீட்டுக்கு வரும் அதே மின்சாரம்தான். நிறுவனம் உங்கள் பெயரில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ் வாங்குகிறது, அவ்வளவே. கணக்கு முறையில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுவது வழக்கம்: எல்லாருக்கும் பொதுவான மின்கட்டமைப்பின் எண்படி ஒன்று, வாங்கிய ஒப்பந்தத்தின்படி ஒன்று. பூஜ்யத்தை மட்டும் காட்டினால் ஆசிரியர் கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும்.

உட்லண்ட்ஸ் அம்மா:
இரண்டிரண்டு மாதமாகச் சேர்த்து வரைபடம் போட்டாயிற்று. ஏர்கோன் ஓடிய ஏப்ரல்-மே நன்றாக ஏறி நிற்கிறது. இந்த 280 கிலோவுக்குக் கரிம வரி எவ்வளவு என்று மகள் கேட்கிறாள்.

மீட்டர் மாமா:
வரி வீட்டுக்கு இல்லை, மின்நிலையம் போன்ற பெரிய ஆலைகளுக்கு. 2023இல் டன்னுக்கு 5 வெள்ளி, ஆக ஒரு வெள்ளி நாற்பது காசு. 2024இல் 25 வெள்ளி ஆனது, அந்தக் கணக்கில் ஏழு வெள்ளி. விலையில் கரைந்துதான் நம்மிடம் வரும், பில்லில் தனியாகத் தேடாதீர்கள்.